அமஞ்சி ஆட்கள்



வேதத்தில் சில வார்த்தைகள் உண்டு. வருஷந்தோறும் ஆதியாகமம் தொடங்கி வெளிப்படுத்தல் வரைக்கும் தவறாமல் வாசிக்கிறவர்கள்கூட அவற்றில் நிற்காமல் தாண்டிப் போய்விடுவார்கள். அப்படிப்பட்ட ஒரு வார்த்தைதான் "அமஞ்சி". சாலொமோன் தேவாலயம் கட்டின அதிகாரத்தில் அது வருகிறது (1 இராஜா. 5:13,14). "அமஞ்சி ஆட்கள்" என்று வாசிக்கிறோம். ஏதோ ஒரு ஊர்ப் பெயர், அல்லது ஒரு ஜனத்தாரின் பெயர் என்று நினைத்துக்கொண்டு அடுத்த வசனத்துக்குப் போய்விடுகிறோம். உங்கள் சபை வாலிபர் கூட்டத்தில், "தம்பி, அமஞ்சின்னா என்னப்பா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் முழிப்பார்கள்.

அமஞ்சி என்றால் கூலி கொடுக்காமல் கட்டாயப்படுத்தி வாங்குகிற வேலை. ராஜாவுக்கோ அதிகாரிக்கோ வேலை இருந்தால் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போவார்கள். "வா" என்றால் வரவேண்டும். நாம் இன்றைக்கும் கையில் வைத்திருக்கிற பழைய தமிழ் வேதாகமம், 1871ல் வெளிவந்த பவர் ஐயர் மொழிபெயர்ப்பின் வழியில் வருகிறது. அந்தக் காலத்து ஜனங்களுக்கு இந்த வார்த்தைக்கு அகராதி தேவைப்படவில்லை. அமஞ்சி அவர்கள் வீட்டு வாசல் வரைக்கும் வந்த ஒன்று. நமக்கோ அந்த வார்த்தை மறந்துபோயிற்று. காரியமும் மறந்துபோயிற்றா? அதைத்தான் இந்த மாதம் உங்களோடு சேர்ந்து தியானிக்க விரும்புகிறேன்.

எண்ணிக்கை உண்டு, பேர் இல்லை

சாலொமோனின் கணக்கைப் பாருங்கள். அமஞ்சி ஆட்கள் 30,000 பேர். மாதத்துக்கு 10,000 பேராக லீபனோனுக்குப் போகவேண்டும். ஒரு மாதம் அங்கே, இரண்டு மாதம் வீட்டிலே. இவர்களைத் தவிர சுமை சுமக்கிறவர்கள் 70,000 பேர். மலையிலே கல் வெட்டுகிறவர்கள் 80,000 பேர். வேலை வாங்குகிற விசாரிப்புக்காரர் 3,300 பேர். கணக்கு சுத்தமாக இருக்கிறது. ஆனால் அந்த அமஞ்சி ஆட்களில் ஒருவனுடைய பேராவது எழுதியிருக்கிறதா? தேடிப் பாருங்கள், கிடைக்காது. அவர்கள்மேல் அதிகாரியாயிருந்த அதோனிராமின் பேர் மட்டும் இருக்கிறது.

ஆலயம் எழும்பியது. மகிமை இறங்கியது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கதை அங்கே முடியவில்லை, பிரியமானவர்களே! சாலொமோன் மரித்தபின் ஜனங்கள் சீகேமிலே கூடி, அவன் குமாரனாகிய ரெகொபெயாமிடம் ஒரே ஒரு காரியம் கேட்டார்கள்: "உங்கப்பா எங்கமேல வைச்ச பாரத்தைக் கொஞ்சம் குறைங்க." அவன் கேட்கவில்லை. வாலிபருடைய ஆலோசனையைக் கேட்டு, இன்னும் கூட்டுவேன் என்றான். பிறகு அவர்களைச் சமாதானப்படுத்த யாரை அனுப்பினான் தெரியுமா? வேலை வாங்கின அதே அதிகாரியை! ஜனங்கள் அவனைக் கல்லெறிந்து கொன்றார்கள். ராஜ்யம் இரண்டாய்ப் பிளந்தது (1 இராஜா. 12). பேர் எழுதப்படாத அந்த ஜனங்களின் பெருமூச்சு ஒரு தலைமுறை காத்திருந்து வெடித்தது.

மூன்று வார்த்தைகளின் கதை

வேலைக்குக் கிடைக்கிற ஆட்களைக் குறிக்க நம் பாஷையில் பல வார்த்தைகள் உண்டு. அவைகளில் மூன்றின் சரித்திரத்தைச் சொல்லுகிறேன். பொறுமையாய் வாசியுங்கள்.

முதலாவது, "வெட்டி". சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் இந்த வார்த்தை திரும்பத் திரும்ப வருகிறது. அங்கே இதற்கு அர்த்தம், ஊரார் கூலியில்லாமல் செய்து கொடுக்கவேண்டிய கட்டாய வேலை. அதுவும் ஒரு வரி மாதிரிதான். காசாகக் கொடுக்காமல் உடம்பாலே கட்டவேண்டிய வரி. இன்றைக்கு அதே வார்த்தையை எப்படிச் சொல்லுகிறோம்? "அவன் வெட்டியா சுத்துறான்." "வெட்டிப்பய." கவனியுங்கள்! கூலியில்லாமல் முதுகு ஒடிய வேலை செய்தவனைக் குறித்த வார்த்தை, வேலையே செய்யாதவனைத் திட்டுகிற வார்த்தையாகிவிட்டது. கூலி கொடுக்காமல் வேலை வாங்கினவனுக்கு ஒரு வசைச்சொல்லும் வரவில்லை. கூலி கிடைக்காதவன்தான் பிரயோஜனமற்றவன் என்று பேர் வாங்கினான்.

இரண்டாவது, "கூலி". கூலி என்றால் வேலைக்குரிய சம்பளம். அது ஒரு மனிதனுடைய பேர் அல்ல. ஆனால் இந்த வார்த்தை கடல் தாண்டினபோது வெள்ளைக்காரத் துரைமார் வாயில் அது மனிதனுடைய பேராகிவிட்டது. (அவர்கள் சொன்ன வார்த்தை குஜராத்துப் பக்கத்துக் கோலி ஜனங்களின் பேரிலிருந்து வந்தது என்று சொல்லுகிறவர்களும் உண்டு.) 1860 நவம்பர் 16ஆம் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் போய்ச் சேர்ந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தம் செய்யப்பட்ட நம் ஜனங்கள் அதில் இருந்தார்கள். நேட்டாலில் இப்படி வந்து இறங்கினவர்களுக்கு ஆளுக்கு ஒரு நம்பர் கொடுத்தார்கள். தோட்டத்தில் அவன் பேர் கூலி, காகிதத்தில் அவன் ஒரு நம்பர். சம்பளத்தின் பேரை மனிதனுக்கு வைத்தவர்கள் அந்தச் சம்பளத்தையாவது ஒழுங்காய்க் கொடுத்தார்களா என்றால், அநேக இடங்களில் அதுவும் இல்லை.

மூன்றாவது வார்த்தை நமக்கு மிகவும் பழக்கமானது. "ஊழியம்." ஆம், நம்முடைய ஊழியம்தான்! பழைய திருவிதாங்கூர் ராஜ்யத்தில் ஊழியம் என்றால் என்ன தெரியுமா? தாழ்த்தப்பட்ட ஜனங்கள் அரசாங்கத்துக்கும் கோவில்களுக்கும் கூலியில்லாமல் செய்யவேண்டிய கட்டாய வேலை. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மயிலாடியில் 1806ல் ரிங்கல்தௌபே ஐயர் வந்து ஊழியத்தைத் தொடங்கினார். இப்போது நான் எழுதின அந்த வாக்கியத்தையே பாருங்கள். ஐயர் செய்ததும் ஊழியம், அவரிடத்தில் வந்த ஏழை ஜனங்கள் சுமந்ததும் ஊழியம்! ஒரே வார்த்தை, இரண்டு அர்த்தம். கர்னல் மன்றோ அங்கே ரெசிடெண்டாக இருந்த நாட்களில் (1810 முதல் 1819 வரை), ஞாயிற்றுக்கிழமைகளில் கிறிஸ்தவர்களை ஊழியத்துக்குக் கூப்பிடக்கூடாது என்று விலக்கு கிடைத்தது. இன்றைக்கு நம் காதுக்கு அது எவ்வளவு விநோதமாய்க் கேட்கிறது! ஞாயிற்றுக்கிழமை ஊழியம் செய்யாதிருக்க ஒரு உத்தரவு! நம்முடைய முன்னோர்களுக்கோ அது விடுதலை.

ஆக, அமஞ்சி மறக்கப்பட்டது. வெட்டி வசையாயிற்று. கூலி மனிதன்மேல் ஒட்டிக்கொண்டது. ஊழியம் மாத்திரம் உயர்த்தப்பட்டது. கட்டாயத்தைக் குறித்த ஒரு வார்த்தையை எடுத்து, நம் பிதாக்கள் அன்பினாலே செய்கிற சேவைக்குப் பேராக வைத்தார்கள். இது ஒரு மீட்பு என்றே நான் நம்புகிறேன். ஆனால் மீட்கப்பட்ட மனிதன் பின்வாங்கிப் போகக்கூடுமானால், மீட்கப்பட்ட வார்த்தையும் பின்வாங்கிப் போகக்கூடும் அல்லவா? அதற்குப் பின்னால் வருகிறேன்.

"பெண் ஆள் நாலு"

இது பழங்கதை என்று நினைக்கவேண்டாம். என் தாயார் கட்டிட வேலைக்குப் போனவர்கள். சித்தாள். இந்த வார்த்தையையும் பிரித்துப் பாருங்கள்: சிறு ஆள், சிற்றாள், சித்தாள். பதினெட்டு வயதில் சட்டி சுமக்கப் போகிறவளும் சித்தாள்தான். முப்பது வருஷம் சுமந்து, பேரப்பிள்ளை எடுத்தபிறகும் அவள் சித்தாள்தான். மம்பட்டி பிடித்த பையன் நாலு வருஷத்தில் கரணை பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுவான். அவளுக்கோ அந்த வார்த்தையிலிருந்து வெளியே வர வழியில்லை.

மேஸ்திரியிடம் ஒரு நோட்டு இருக்கும். அதில் "கொத்தனார் 2, ஆண் ஆள் 3, பெண் ஆள் 4" என்று எழுதியிருக்கும். அந்த நாலில் ஒன்று என் தாயார். அவர்கள் சுமந்த செங்கல்லில் நின்றுகொண்டிருக்கிற வீடுகள் அநேகம். ஒரு வீட்டுக் காகிதத்திலும் அவர்கள் பேர் இல்லை. ஆனால் எங்கள் சிறிய ஓலைக்கொட்டகைச் சபையின் பதிவேட்டில் அவர்கள் பேர் முழுவதுமாய் எழுதியிருந்தது. வாரம் முழுக்க "ஏ சித்தாளு" என்று கூப்பிடப்பட்டவர்களை, ஞாயிற்றுக்கிழமை ஒரு மனுஷர் கைகூப்பி, "ஸ்தோத்திரம் சகோதரி, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பார். என் தாயார் ஏன் மழையிலும் காய்ச்சலிலும் ஆராதனைக்குப் போனார்கள் என்று வளர்ந்தபிறகுதான் எனக்கு விளங்கிற்று. தேவனுடைய வார்த்தையோடுகூட அவர்களுக்கு அங்கே தங்கள் பேரும் கிடைத்தது.

இந்த நாட்களில் வார்த்தைகள் நாகரிகமாகிவிட்டன. "மேன்பவர் சப்ளை" என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். மேன்பவர் என்ற இங்கிலீஷ் வார்த்தை முதலில் குதிரைசக்தியைப் போல ஒரு அளவைக் குறித்தது. குதிரை இழுக்கிற பலத்தை அளந்ததுபோல மனிதன் இழுக்கிற பலத்தையும் அளந்தார்கள். திடகாத்திரமான ஒரு ஆள் நாள் முழுக்க விடாமல் கொடுக்கக்கூடிய சக்தி, குதிரைசக்தியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அவ்வளவுதான்! பிறகு வந்தது "மனிதவளம்". 1985ல் மத்திய அரசு கல்வி இலாகாவுக்கே மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் என்று பேர் வைத்தது. 2020ல் மறுபடியும் கல்வி அமைச்சகம் என்று மாற்றினார்கள். நீர்வளம், நிலவளம், கனிமவளம், மனிதவளம்! வளம் என்பது நல்ல வார்த்தைதான். ஆனால் நாம் வளத்தைத் தோண்டுகிறோம், இறைக்கிறோம், தீர்ந்தபின் வேறு இடம் தேடுகிறோம். மனிதனையும் அந்த வரிசையில் நிறுத்தலாமா?

வார்த்தையை மாற்றினால் போதும் என்று நான் சொல்லவரவில்லை. "ஆள்" என்று சொல்லுவதே பாவம் என்றும் சொல்லவில்லை. "நாளைக்கு ரெண்டு ஆள் கிடைக்குமா?" என்று கேட்காமல் யாராலும் வீடு கட்டவும் முடியாது, களை எடுக்கவும் முடியாது. ஆளுகை செய்கிற "ஆண்டவர்" என்ற பேரும் "ஆள்" என்ற வார்த்தையும் ஒரே வேரிலிருந்து வருகின்றன என்று சொல்லுகிறவர்களும் உண்டு. வார்த்தையில் குற்றமில்லை. அப்படியானால் குற்றம் எங்கே?

"அவனாத்தானே வந்தான்!"

இதைக் கேட்டால் அநேகர் சொல்லுகிற பதில் ஒன்று உண்டு. "பிரதர், நாங்க யாரையும் பிடிச்சுட்டு வரலையே! அவனாத்தானே வந்தான். இவ்வளவுதான் சம்பளம்னு சொன்னோம், சரின்னான். இதுல என்ன தப்பு?"

நல்ல கேள்வி. 1982ல் நம்முடைய தேசத்தின் உச்சநீதிமன்றம் இதே கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியிருந்தது. டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக மைதானங்களும் கட்டிடங்களும் கட்டின தொழிலாளிகளின் வழக்கு அது. நம் அரசியல் சாசனத்தின் 23ஆம் பிரிவு கட்டாய வேலையைத் தடைசெய்கிறது. துப்பாக்கி காட்டி வேலை வாங்கினால்தான் கட்டாயமா? நீதிமன்றம் அப்படிச் சொல்லவில்லை. வறுமையும் பசியும்கூடக் கட்டாயம்தான், சட்டம் குறித்த குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவன் வேலை செய்தால் அது கட்டாய வேலைதான் என்று தீர்ப்பளித்தது. வேறு வழியில்லாதவன் சொல்லுகிற "சரி"யை மனப்பூர்வமான சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதே அதன் சாரம்.

பவுல் அப்போஸ்தலன் இதை எவ்வளவு அழகாய் அறிந்திருந்தார்! பிலேமோனுக்கு எழுதின சிறிய நிருபத்தை வாசியுங்கள். ஒநேசிமு என்பவன் அடிமை. ஒநேசிமு என்ற பேருக்கே "பிரயோஜனமுள்ளவன்" என்று அர்த்தம். அடிமைகளுக்கு அந்நாட்களில் அப்படித்தான் பேர் வைத்தார்கள். அவன் ஓடிப்போனான். அவன் எஜமானுடைய கணக்கில் இப்போது அவன் வெட்டி ஆள். சிறையில் இருந்த பவுலுக்கோ அவன் மிகவும் தேவையாயிருந்தான். வைத்துக்கொண்டிருக்கலாம். பிலேமோன் தடுத்திருக்கமாட்டான், ஏனென்றால் பவுலுக்கு அவன் கடன்பட்டவன். ஆனாலும் பவுல் அப்படிச் செய்யவில்லை. அவன் செய்கிற நன்மை கட்டாயத்தினால் அல்ல, மனதாரச் செய்ததாக இருக்கவேண்டும் என்று எழுதுகிறார் (பிலே. 14). மறுக்க முடியாதவனிடம் போய்க் கேட்பதற்கு அந்தப் பரிசுத்தவான் கூசினார்! அதோடு நிற்கவில்லை. பிரயோஜனத்தைப் பேராகச் சுமந்த அந்த அடிமையைச் சகோதரன் என்று எழுதினார்.

இப்போது மத்தேயு 20ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். பதினோராம் மணி வேளை. நம் கணக்கில் சாயங்காலம் ஐந்து மணி. சந்தை வெளியில் சிலர் இன்னும் நிற்கிறார்கள். நம்ம ஊர்ப் பாஷையில் சொன்னால், வெட்டியா நிக்கிறாங்க. திராட்சத்தோட்டத்து எஜமான் வந்து, ஏன் இப்படி நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். அவர்கள் பதில் நெஞ்சை அறுக்கிறது. எங்களை யாரும் கூப்பிடவில்லை என்கிறார்கள். சோம்பேறி காலையிலேயே வீட்டுக்குப் போய்விடுவான். பொழுது சாயும்வரை நிற்கிறவன் யார்? வெறுங்கையோடு வீட்டுக்குப் போகப் பயப்படுகிறவன். வயசானவன், கால் தாங்குகிறவன், காலையில் மேஸ்திரிமார் தோளைத் தட்டிப் பார்த்துத் தள்ளிவிட்டவன். அந்த எஜமான் அவனுக்கும் ஒரு நாள் கூலி முழுவதையும் கொடுத்தார். ஒரு மணி நேர வேலைக்கு ஒரு மணி நேரச் சம்பளம் என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. அவனுக்கும் ஒரு முழு வயிறு உண்டு, வீட்டில் பிள்ளைகள் உண்டு என்று பார்த்தார். முறுமுறுத்தவனையும் அவர் "ஏ ஆளு" என்று கூப்பிடாமல், சிநேகிதனே என்றுதான் அழைத்தார்.

ஆக, குற்றம் எங்கே என்று கேட்டோமே, இங்கேதான். ஒரு மனிதன் வேலைக்குக் கிடைக்கிறான் என்பதால் அவன் நேரத்துக்கு விலையில்லை, அவனுக்குப் பேரில்லை, அவன் மறுக்கமாட்டான் என்று நினைக்கிறோமே, அந்த நினைவில்தான் அமஞ்சி உயிரோடு இருக்கிறது.

ஊழியமா? அமஞ்சியா?

தேவபிள்ளைகளே, இப்போது நம் வீட்டுக்குள் வருவோம். எழுதக் கடினமாயிருக்கிறது, ஆனாலும் எழுதாமல் இருக்க எனக்கு விடுதலையில்லை.

ஒரு சபையில் புதிய ஆலயம் கட்டினார்கள். பேரையும் ஊரையும் நான் எழுதப்போவதில்லை. வசதியுள்ள விசுவாசிகள் செக் கொடுத்தார்கள். ஏழை விசுவாசிகளைப் பார்த்து, "பணம் இல்லாட்டி என்ன, சரீர உழைப்பைக் கொடுங்க, அதுவும் ஊழியந்தான்" என்று அறிவித்தார்கள். கொத்தனாரான ஒரு சகோதரன் எட்டு மாதம் சனிக்கிழமைதோறும் தன் வேலையை விட்டுவிட்டு அங்கே போனார். சனிக்கிழமை சம்பளம்தான் அவர் வீட்டில் அரிசி வாங்குகிற பணம். ஒரு நாள் என்னிடம் மெதுவாய்ச் சொன்னார்: "இல்லைன்னு எப்படிங்கய்யா சொல்றது? விசுவாசம் குறைஞ்சுபோச்சுன்னு நினைப்பாங்கல்ல? மூணு வட்டிக்கு வாங்கித்தான் ஓட்டினோம்." ஆலயப் பிரதிஷ்டை அன்று கல்வெட்டில் செக் கொடுத்தவர்களின் பேர் எல்லாம் இருந்தது. அவர் பேர் இல்லை.

இன்னொன்றும் பார்க்கிறோம். "ஊழியம் கத்துக்க வந்த தம்பி" என்று ஒரு வாலிபனை வைத்திருப்பார்கள். கார் கழுவுவான், கடைக்குப் போவான், சேர் அடுக்குவான், மைக் செட் தூக்குவான். வருஷங்கள் ஓடும். அவனுக்குச் சம்பளமும் இல்லை, வேதபாடமும் இல்லை. கேட்டால், தாழ்மையைக் கற்றுக்கொள்ளுகிறான் என்பார்கள். வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரன் என்ற சத்தியத்தைப் பிரசங்கியின் காணிக்கைக்காக எத்தனைமுறை எடுத்துச் சொல்லுகிறோம் (லூக். 10:7, 1 தீமோ. 5:18)! அந்தத் தம்பிக்கும் அது பொருந்தாதா?

"அப்படின்னா ஏழை தேவனுக்கு எதுவுமே கொடுக்கக்கூடாதா?" என்று கேட்பீர்கள். அப்படியல்ல! இரண்டு காசு போட்ட விதவையை ஆண்டவர் தடுக்கவில்லை. ஏழையின் கொடுக்கிற சந்தோஷத்தைப் பறிக்க நமக்கு அதிகாரமில்லை. என் தாயாரும் சபைச் சுவருக்கு மண் சுமந்தார்கள். ஒருவரும் கேட்காமலே போனார்கள், பாடிக்கொண்டே சுமந்தார்கள். அது ஊழியம். அந்தக் கொத்தனார் சகோதரன் கடன் வாங்கிக்கொண்டு சுமந்ததும் அதே செங்கல்தான், ஆனால் அவரிடத்தில் வாங்கினது அமஞ்சி. இரண்டையும் பிரிக்கிறது எது? போகாமல் இருக்க என் தாயாருக்கு முடியும். அவருக்கு முடியாது.

வனாந்தரத்தில் ஆசரிப்புக்கூடாரம் கட்டினதை நினைத்துப் பாருங்கள். அவர்கள் யார்? பார்வோனுக்குச் செங்கல் அறுத்துவிட்டு அப்போதுதான் வெளியே வந்த ஜனங்கள். உத்தரவிட்டால் நடுங்கிக்கொண்டு செய்திருப்பார்கள், அதுதான் அவர்களுக்குப் பழக்கம். கர்த்தரோ மனமுள்ளவர்களிடத்தில் மாத்திரம் கேட்டார் (யாத். 35). விளைவு என்ன? போதும், இனிமேல் கொண்டுவரவேண்டாம் என்று மோசே நிறுத்தவேண்டியதாயிற்று!

ஒரு பேர்ப் பட்டியல்

நெகேமியா 3ஆம் அதிகாரத்தை நாம் பெரும்பாலும் வாசிப்பதில்லை. வாய்க்குள் நுழையாத பேர்கள்! ஆனால் அது எருசலேம் அலங்கம் கட்டின வேலையாட்களின் பட்டியல். எந்த வாசல், எந்தத் துண்டு, யார் கட்டினது என்று பேர் பேராக எழுதியிருக்கிறது. முதலாவது கல் எடுத்தவன் பிரதான ஆசாரியனாகிய எலியாசிப். அவனே வேலையில் நின்றான். தட்டார் கட்டினார்கள், தைலக்காரர் கட்டினார்கள். சல்லூமோடு அவன் குமாரத்திகளும் கட்டினார்கள். அங்கே "பெண் ஆள்" என்று எண்ணிக்கை போடவில்லை, இன்னாருடைய குமாரத்திகள் என்று எழுதியிருக்கிறது. தெக்கோவா ஊரார் வேலை செய்தார்கள், அவர்களுடைய பிரபுக்களோ தோள் கொடுக்கவில்லை என்பதையும் எழுதி வைத்திருக்கிறது! பரலோகத்தின் நோட்டுப் புஸ்தகம் இப்படிப்பட்டது.

இன்னும் ஒன்று. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ஏழை ஜனங்கள் கூக்குரலிட்டார்கள். நிலத்தை அடகு வைத்துவிட்டோம், பிள்ளைகளை அடிமையாக்குகிறோம் என்று அழுதார்கள் (நெகே. 5). நெகேமியா என்ன செய்தான்? "கர்த்தருடைய வேலை நடக்கும்போது முறுமுறுக்காதீங்க" என்று அதட்டினானா? இல்லை. கடன் கொடுத்தவர்களைக் கூப்பிட்டு நிலங்களையும் வட்டியையும் திருப்பிக் கொடுக்கவைத்தான். அதிபதியாகத் தனக்கு வரவேண்டிய படியைப் பன்னிரண்டு வருஷம் வாங்காமல் இருந்தான். அலங்கம் ஏறினது, ஏழை விழவில்லை.

அன்பானவர்களே, நாம் என்ன செய்யலாம்? பெரிய காரியங்கள் வேண்டாம். உங்கள் வீட்டிலோ வயலிலோ வேலைக்கு வருகிறவருடைய பேரைக் கேளுங்கள். வடக்கே இருந்து வந்த தம்பியாயிருந்தால் அவன் பேரைச் சரியாய்ச் சொல்லப் பழகுங்கள், "வடக்கன்" என்று கூப்பிடாதீர்கள். நம்மைக் கடலுக்கு அப்பால் வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை மறக்கவேண்டாம். பொழுது சாயுமுன்னே கூலியைக் கொடுத்துவிடுங்கள், நியாயப்பிரமாணம் அப்படித்தான் கேட்கிறது (உபா. 24:15). சபைக்கு வேலை இருக்குமானால், தினக்கூலிக்காரரை அழைப்பதற்குமுன், அவருக்கு அன்றைய கூலியைக் கொடுத்துவிட வழியுண்டா என்று மூப்பர்கள் யோசியுங்கள். கொடுத்தபின் அவர் அதைக் காணிக்கையாகப் போட்டால் அது அவருடைய காணிக்கை. அவர் வீட்டுக்குக் கொண்டுபோனால் அது அவருடைய நீதி. கல்வெட்டு வைக்கிறவர்கள் சுமந்தவர்களின் பேரையும் வெட்டுங்கள், இல்லாவிட்டால் ஒருவர் பேரையும் வெட்டவேண்டாம்.

தினக்கூலிக்குப் போகிற என் சகோதரனே, சகோதரியே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. சபை வேலைக்குக் கூப்பிடும்போது உங்களால் முடியாவிட்டால், "இந்த வாரம் முடியாதுங்கய்யா" என்று சொல்லுங்கள். அது அவிசுவாசம் அல்ல. அப்படிச் சொல்ல முடிகிற இடத்தில்தான் நீங்கள் அடுத்த வாரம் மனதாரச் சொல்லுகிற "வரேன்" கர்த்தருக்கு வாசனையாயிருக்கும்.

அறுப்புக்கு ஆட்களை அனுப்பும்படி எஜமானை வேண்டிக்கொள்ளச் சொன்னவர் இயேசு (மத். 9:37,38). அந்த ஜெபத்தை நாம் ஏறெடுக்காத நாள் இல்லை. அவர் அனுப்புகிறவர்களை நாம் எப்படி வைத்துக்கொள்ளுகிறோம் என்றும் இந்த மாதம் உபவாச ஜெபத்தில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம். கர்த்தர்தாமே உங்கள் கைகளின் பிரயாசத்தையும், உங்களுக்காகப் பிரயாசப்படுகிறவர்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.